வேகத் தண்டப்பணமும் விளங்காத குற்றச்சாட்டும்: நோர்வூட்டிலிருந்து ஒரு குறிப்பு

கடந்த ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு என் அக்காவின் மகன் வேனை லயத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தான். நான்காக மடித்திருந்த சீட்டொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். "மாமா, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாருங்க" என்றான்.

எனக்குச் சிங்களம் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வராது. 1977 வன்செயலுக்குப் பின்னர் நோர்வூட்டிலிருந்து கிளம்பி கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. இங்கேயே வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா மட்டும் எங்களோடு வரவில்லை. நான் அங்கே படித்து, அங்கேயே போரையும் கண்டு, மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, கடைசியில் அக்கா இருக்கும் இடத்துக்கே திரும்பி வந்தவன். மருமகனோ மலையகத்துப் பிள்ளை. சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவான். வாசிக்க மட்டும் தெரியாது. பக்கத்துக் காம்பராவில் பாடசாலையில் சிங்களத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டோம். வாகன இலக்கம் சரி, நீதிமன்றத்துக்கு வர வேண்டிய திகதி சரி. மற்றதெல்லாம் பேனையால் அவசரமாகக் கிறுக்கிய எழுத்து. "புத்தக எழுத்துன்னா வாசிச்சிருவேன் மாமா, இது விளங்கல" என்று அந்தப் பிள்ளை கைவிட்டுவிட்டது.

நடந்தது இதுதான். மத்திய கிழக்குக்குப் போகும் பெண்ணொருவரைக் கட்டுநாயக்கவில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், சிறிய நகரமொன்றின் எல்லையில் பொலிஸார் மறித்திருக்கிறார்கள். 50 கிலோமீற்றர் எல்லைக்குள் 68இல் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இவன், அது என்னை முந்திப் போன பஸ்ஸின் வேகம் சேர் என்று வாதாடியிருக்கிறான். வாதம் நீண்டதும், அதே இடத்தில் எழுதிக் கொடுக்கும் தண்டப்பணச் சீட்டு இல்லாமல் வழக்குச் சீட்டு வந்துவிட்டது. என்னிடம் தனியாகச் சொல்லும்போது, "60ஐத் தாண்டித்தான் இருக்கும் மாமா. ஆனா 68 இல்ல" என்றான். அவனை நான் நிரபராதி என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

அந்த நகரத்தின் பெயரையும் நீதிமன்றத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஒரு நிலையத்தையோ ஒரு நீதிமன்றத்தையோ பற்றிய முறைப்பாடாக இது சுருங்கிவிட வேண்டாம். மலையகத்தில் எந்தச் சாரதியைக் கேட்டாலும் இதைப் போல ஒன்று அவரிடம் இருக்கும்.

முதலில் சாரதி அனுமதிப்பத்திரம் என்ற அந்தச் சிறிய அட்டை இங்கே என்ன பெறுமதி என்பதைச் சொல்ல வேண்டும். ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்கு வரும் பாதை இங்கிருந்து ஒரு பக்கம் மஸ்கெலியாவுக்கும் மறுபக்கம் பொகவந்தலாவைக்கும் பிரிகிறது. இந்தப் பாதைகளில் ஓடும் வேன்களிலும் ஓட்டோக்களிலும் பாதிக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகள் ஓட்டுபவை என்றே என் கண்ணுக்குப் படுகிறது. கொழுந்துக்குப் போக விரும்பாத, கொழும்புக் கடைகளில் நின்று திரும்பி வந்த தலைமுறை அது. தோட்டத்தில் நாட்சம்பளம் 2024இல் சம்பள நிர்ணய சபை ஊடாக 1,350 ரூபாவானது. அதற்கு எத்தனை ஆண்டுகள் கத்தினோம் என்பது எல்லோருக்கும் தெரியும். 2017 மே மாதம் இந்திய பிரதமர் மோடி இதே நோர்வூட் மைதானத்தில் நின்று மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது கைதட்டியவர்களில் என் அக்காவும் ஒருவர். அவர் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். அந்தக் காம்பராவுக்கு உறுதி இல்லை. வேன் லீசிங் கம்பனியின் பெயரில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் ஒருவரின் சொந்தப் பெயரில் அரசாங்கம் கொடுத்து, அதை வைத்து உழைக்கக்கூடியதாக இருக்கும் ஒரே பத்திரம் அவனுடைய அனுமதிப்பத்திரம்தான்.

இப்போது அதில் புள்ளி பதியும் முறை வருகிறது என்கிறார்கள். குற்றத்துக்குக் குற்றம் குறைப்புள்ளி சேர்த்து, ஓர் எல்லையைத் தாண்டினால் அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் ஏற்பாடு நமக்குப் புதிய யோசனை அல்ல. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2009இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்திலேயே அதற்கு இடம் வைக்கப்பட்டது. அதன் பிறகு ஒவ்வோர் அரசாங்கமும் "இதோ வருகிறது" என்று அறிவித்து வந்திருக்கிறது. 24 புள்ளி சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் கையைவிட்டுப் போகும் என்பதே பேசப்படும் கணக்கு. லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு இது பழகிப்போன விடயம். அங்கே வேகத்துக்குக் குறைந்தது 3 புள்ளி, மூன்று ஆண்டுக்குள் 12 சேர்ந்தால் வாகனம் ஓட்டத் தடை. வன்னியில் என்னோடு படித்த ஒருவன் அங்கே டெலிவரி வேன் ஓட்டுகிறான். 9 புள்ளியோடு ஒன்றரை வருடம் பச்சை முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பது போல ஓட்டியதாகச் சொன்னான். ஆனால் அவனுக்கு வீட்டுக்கு வந்த கடிதம் அவன் வாசிக்கக்கூடிய மொழியில் இருந்தது. எந்த இடம், எத்தனை மணி, என்ன வேகம், ஒத்துக்கொள்வதா மறுப்பதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. அவன் யோசித்துப் பதில் எழுதினான்.

வேகத்தைக் கட்டுப்படுத்தவே கூடாது என்று சொல்பவன் அல்ல நான். மலையகத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒரு வேனிலும் ஓட்டோவிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். இறந்தவர்கள் அந்த வேனிலும் ஓட்டோவிலும் வந்த நம்மவர்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20இற்கும் மேற்பட்டோர் போனார்கள். என் மருமகன் இந்த இரண்டு இடங்களையும் கடக்கும்போது வானொலியை நிறுத்திவிடுவான். ஆகவே கருவி வேண்டும், தண்டம் வேண்டும், புள்ளியும் வரட்டும். தண்டிக்கப்படுகிறவனுக்குத் தான் எதற்காகத் தண்டிக்கப்படுகிறான் என்பது விளங்க வேண்டும் என்பது மட்டுமே என் கட்சி.

நம்முடைய முறை எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். சிறிய குற்றங்களுக்கு அதே இடத்தில் தண்டப்பணச் சீட்டு எழுதப்படும், அனுமதிப்பத்திரம் பொலிஸாரிடம் போகும். 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி மீளப் பெறலாம். 14 நாள் தாண்டினால் இரட்டிப்பு. 28 நாளும் தாண்டினால் நீதிமன்றம். 2018இல் மாற்றப்பட்ட அட்டவணையின்படி வேகத்துக்கான தொகை 3,000 ரூபாவில் தொடங்கி, எல்லையை எவ்வளவு மீறினோம் என்பதைப் பொறுத்து 15,000 வரை போகிறது. அந்த 15,000 என்பது 2024இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளத்தின்படி ஒரு தோட்டத் தொழிலாளியின் 11 நாட் சம்பளமாக இருந்தது. 2025இல் கவ்பே என்ற இணையவழி ஏற்பாடு வந்த பிறகு கைத்தொலைபேசியிலேயே கட்டிவிட்டு அனுமதிப்பத்திரத்தை அதே இடத்தில் வாங்கிக்கொண்டு போகும் வசதியும் வந்துகொண்டிருக்கிறது. தபாலகத்துக்கு ஒரு நாள், பொலிஸ் நிலையத்துக்கு ஒரு நாள் என்று அலைந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. இலஞ்சத்துக்கும் வழி குறையும். நல்ல விடயம்தான்.

ஆனால் கவனித்தால் ஒன்று தெரியும். பணம் கட்டுவதை இலகுவாக்க அரசு எவ்வளவோ செய்திருக்கிறது. மறுப்பதை இலகுவாக்க எதுவுமே செய்யவில்லை. மறுக்க வேண்டுமானால் அதே பழைய வழிதான். வேலையைப் போட்டுவிட்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போய், பெயர் கூப்பிடும் வரை வெளியே நின்று, விளங்காத மொழியில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தண்டப்பணம் மட்டும் இருந்த காலத்தில் இந்த ஏற்றத்தாழ்வு பெரிதாக உறைக்கவில்லை. கட்டித் தொலைத்துவிட்டுப் போவோம் என்றிருந்தோம். புள்ளி முறை வந்தால் கட்டித் தொலைக்க முடியாது. கட்டிய பின்னரும் அது கூடவே வரும்.

முதல் தவணைக்கு நானும் போனேன். நீதிமன்ற வாசலிலேயே இளம் சட்டத்தரணி ஒருவர் மருமகனிடம், "தம்பி, ஒத்துக்கிட்டுக் கட்டிட்டுப் போங்க. மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். மறுத்தா ரெண்டு மூணு தவணை இழுக்கும்" என்றார். அவர் சொன்னது தப்பான ஆலோசனை அல்ல. கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதே சரி.

உள்ளே போக்குவரத்து வழக்குகள் வரிசையாக வந்தன. பெயர் கூப்பிடுவார்கள், கூண்டுக்குள் ஏறுவார்கள், வேகமாக ஏதோ வாசிப்பார்கள். "வறத பிளிகன்னவாத?" குற்றத்தை ஏற்றுக்கொள்கிறாயா? "ஒவ்." தண்டம் சொல்லப்படும், அடுத்த பெயர். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. நீதவானைக் குறை சொல்ல முடியாது. அன்றைய பட்டியல் அவ்வளவு நீளம். ஆனால் அன்று காலை நான் அங்கே இருந்த நேரம் முழுவதும் ஒருவர்கூட "இல்லை" என்று சொல்லிக் கேட்கவில்லை. தமிழ்ப் பெயர்களும் பல போயின. அவர்களும் "ஒவ்" என்றுதான் சொன்னார்கள்.

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 182ஆம் பிரிவைப் பிறகு நண்பர் ஒருவர் எனக்கு விளக்கினார். நீதவான் குற்றச்சாட்டை எதிரிக்கு வாசித்துக் காட்ட வேண்டும், உன்னைக் குற்றவாளியாகக் காணாதிருக்கக் காரணம் ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும். வாசித்துக் காட்டுவது எதற்காக என்றால் விளங்குவதற்காக. நாங்கள் பார்த்த அந்த ஒரு நிமிடத்தின் சட்டப்பெயர் அதுதான்.

மருமகனின் பெயர் வந்தது. கூண்டில் ஏறினான். வாசித்தார்கள். கேட்டார்கள். இரண்டு மூன்று விநாடி பேசாமல் நின்றவன், சிங்களத்திலேயே, "சேர், எனக்கு இதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்" என்றான். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். சிங்களத்தில் நன்றாகப் பேசுகிறவனுக்கு என்னத்துக்குத் தமிழ் என்று நினைத்திருப்பார்கள். பக்கத்தில் நின்ற பொலிஸ் உத்தியோகத்தரும் அதைத்தான் சொன்னார், இவனுக்குச் சிங்களம் தெரியும் என்று. நீதவான் கோபப்படவில்லை. மொழிபெயர்ப்பாளர் எங்கே என்று கேட்டார். அவர் வேறொரு வழக்கில் இருந்தார். மதியத்துக்குப் பிறகு எடுப்போம் என்றார்.

மதியம் அந்த அம்மா மூச்சு வாங்க வந்து தமிழில் வாசித்தார். முதலாவது குற்றச்சாட்டு, 50 கிலோமீற்றர் எல்லைக்குள் 68இல் செலுத்தியது. இரண்டாவது, நிறுத்துமாறு பொலிஸ் உத்தியோகத்தர் இட்ட சமிக்ஞையை மதிக்காமல் சென்றது.

இரண்டாவது ஒன்று இருப்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது. அந்தச் சீட்டில் அந்தப் பிள்ளைக்கு வாசிக்க முடியாமல் போன வரி அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். காலையில் "ஒவ்" என்று சொல்லியிருந்தால் இரண்டுக்கும் சேர்த்துச் சொன்னதாகவே ஆகியிருக்கும். மருமகன் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போய் நிறுத்தினான் என்பது உண்மை. பின்னால் லொறி வந்துகொண்டிருந்ததாம். நிறுத்தாமல் போகவில்லை.

மலையகத்துத் தமிழருக்குச் சிங்களம் தெரியும்தானே என்ற பேச்சு வடக்கிலிருந்தும் வரும், தெற்கிலிருந்தும் வரும். சந்தையில் பேரம் பேசும் சிங்களமும் பஸ் நடத்துனரோடு சண்டை போடும் சிங்களமும் நீதிமன்றத்தில் வாசிக்கும் சிங்களமும் ஒன்றல்ல. தமிழிலேயே ஒரு குற்றப்பத்திரத்தை வாசித்துக் காட்டினால் நம்மில் எத்தனை பேருக்கு ஒரே தடவையில் விளங்கும்?

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. 1988இன் 16ஆவது திருத்தத்தோடு வந்த அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையைப் பாருங்கள். சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள் என்று தொடங்குகிறது. அடுத்த மூச்சிலேயே, தமிழ் நிர்வாக மொழியாக உள்ள இடங்கள் தவிர்ந்த ஏனைய இடங்களில் நீதிமன்றங்களில் சிங்களமே பயன்படும் என்கிறது. அதாவது வடக்கு, கிழக்குக்கு வெளியே பதிவேடும் நடவடிக்கையும் சிங்களத்தில். அதே உறுப்புரையின் மூன்றாவது பந்தி, அந்த மொழியில் பரிச்சயம் இல்லாத தரப்பினருக்கு, நடவடிக்கைகளை விளங்கிக்கொள்ளவும் அவற்றில் பங்குபற்றவும் ஏதுவாக, அரசு தன் செலவில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் வழங்க வேண்டும் என்கிறது. பங்குபற்றவும் என்ற அந்தச் சொல்லை நான் பல தடவை வாசித்தேன். பேச்சு வழக்கில் சிங்களம் தெரிந்தவன் என்பதற்காக அந்த உரிமை போய்விடாது என்றே நான் விளங்கிக்கொள்கிறேன்.

சீட்டு வேறு கதை. அது பொலிஸ் உத்தியோகத்தர் எழுதிக் கொடுப்பது, நிர்வாகச் செயல். 22ஆம் உறுப்புரையின்படி சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கும் பகுதியிலும்கூட ஒருவர் அரச உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரித்துடையவர். அது மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கே போகலாம். கொழும்புக்குப் போய் வேகச் சீட்டுக்காக உயர் நீதிமன்றப் படியேற எந்தச் சாரதியால் முடியும் என்பது வேறு கேள்வி. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். ஒரு தபால் முத்திரைச் செலவு. நாங்கள் எழுதினோம்.

இன்னொரு விடயத்தை நம்முடைய அரசியல்வாதிகள் கவனிப்பதாகத் தெரியவில்லை. 1999இல் நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. அது பெரிய வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. ஆனால் அந்த அறிவித்தல் நீதிமன்ற வாசலோடு நின்றுவிடுகிறது. பிரதேச செயலகத்தில் தமிழில் விண்ணப்பம் கொடுக்கிற அதே மனிதன், சற்றுத் தள்ளியிருக்கும் நீதவான் நீதிமன்றத்தில் ஏறியவுடன் உரைபெயர்ப்பை எதிர்பார்த்து நிற்கும் அந்நியனாகிறான். இதை மாற்ற அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதுகூட இல்லை. நீதி அமைச்சர், அமைச்சரவையின் இணக்கத்தோடு, ஒரு நீதிமன்றத்தின் பதிவேட்டையும் நடவடிக்கையையும் மற்ற மொழியிலும் நடத்தப் பணிக்கலாம் என்று 24ஆம் உறுப்புரையே சொல்கிறது. ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் அப்படி ஒரு பணிப்பைக் கேட்டு நமது பிரதிநிதிகள் எத்தனை தடவை அமைச்சரவைக் கதவைத் தட்டியிருப்பார்கள்? சம்பளத்துக்கும் வீட்டுக்கும் எழும் குரலில் பத்தில் ஒரு பங்கு போதும்.

சின்ன வேகச் சீட்டுக்கு இவ்வளவு பெரிய அரசியலமைப்புப் பேச்சா என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்துல்பாகி ஒஸ்டுர்க் என்ற துருக்கித் தொழிலாளி 1978இல் தன் காரை நிறுத்தியிருந்த இன்னொரு காரில் இடித்துவிட்டார். 60 மார்க் தண்டம். அதை எதிர்த்து நீதிமன்றம் போனார். ஜெர்மன் மொழி போதாததால் மொழிபெயர்ப்பாளர் வந்தார். சாட்சிகளைக் கேட்ட பின் தன் எதிர்ப்பை விலக்கிக்கொண்டார். அதாவது தோற்றார். ஆனால் செலவுக் கணக்கில் மொழிபெயர்ப்பாளருக்கான 63.90 மார்க்கையும் அவர் தலையில் கட்டினார்கள். தண்டத்தைவிட மொழிபெயர்ப்புக் கூலி அதிகம். அவர் ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனார். இது வெறும் போக்குவரத்து மீறல், குற்றவியல் வழக்கே அல்ல, ஆகவே இலவச மொழிபெயர்ப்பு உரிமை இதற்குப் பொருந்தாது என்று ஜெர்மன் அரசு வாதிட்டது. 1984 பெப்ரவரி 21இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சிறிய தண்டமானாலும் அது தண்டனையே என்றும், விளங்காத மொழியில் விசாரிக்கப்படுகிறவனிடம் மொழிபெயர்ப்புக் காசு கேட்க முடியாது என்றும் சொன்னது. வழக்கில் தோற்றவருக்குத்தான் இந்த உரிமை கிடைத்தது. ஜெர்மனியில் இன்று ஒரு தமிழர் போக்குவரத்து வழக்குக்குப் போனால் மொழிபெயர்ப்பாளர் இலவசமாக நிற்பதற்குப் பின்னால் அந்த 63.90 மார்க்கும் இருக்கிறது.

இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளங்காத மொழியில் எழுதிய தாளின் கதை புதிதல்ல. நல்லரத்தினம் சிங்கராசா 1993இல் கைது செய்யப்பட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சு செய்யப்பட்ட வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் வைக்கப்பட்டது. அந்த ஒரு தாளை வைத்து 50 ஆண்டுச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆனது. மொழிபெயர்த்ததே விசாரணை செய்த பொலிஸ் தரப்பு. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் சுமையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி அவர் மீதே விழுந்தது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருக்கு நீதியான விசாரணை மறுக்கப்பட்டது என்று கண்டது. 2006இல் நமது உயர் நீதிமன்றம் அந்த முடிவுக்கு இங்கே வலு இல்லை என்றது. அதற்கு அடுத்த ஆண்டு, சர்வதேசக் கடப்பாட்டை நிறைவேற்றுகிறோம் என்று காட்ட, 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் கொண்டுவரப்பட்டது. எழுத்தாளர்களைப் பிடித்து உள்ளே போடும் சட்டமாகவே அதை நாம் அறிந்திருக்கிறோம். அதன் 4ஆம் பிரிவில், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு விசாரணை மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரின் உதவி உண்டு என்றும் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

வேகச் சீட்டையும் 50 ஆண்டுச் சிறையையும் நான் ஒன்றாக்கவில்லை. அப்படிச் செய்வது சிறையில் இருந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. மெனிக் பாமில் நானும் சிங்களத் தாள்களில் கையெழுத்து வைத்திருக்கிறேன். எத்தனை என்று நினைவில்லை, எதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் "ஒவ்" என்று தலையாட்டும் பழக்கம் நமக்குள் எங்கே ஊறியது என்று தேடினால் அந்த மேசைகளுக்கு முன்னால்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. மருமகன் தமிழில் கேட்டபோது எனக்குப் பெருமை வரவில்லை, உடம்பு நடுங்கியது. பேசாமல் ஒத்துக்கொண்டு வாடா என்று உள்ளுக்குள் கத்தினேன்.

இனி மறுப்பதென்றால் எதை மறுப்பது? நிரூபிக்க வேண்டியது வழக்குத் தொடுநர் பக்கம், நியாயமான சந்தேகத்துக்கு அப்பால். கேட்க வேண்டிய கேள்விகள் மிகச் சாதாரணமானவை. எந்த இடத்தில், எந்தத் திசையில் அளந்தீர்கள்? அந்த இடத்தில் வேக எல்லைப் பலகை இருந்ததா? அளந்த கருவி எது, கடைசியாக எப்போது அது சரிபார்க்கப்பட்டது, அதற்குச் சான்றிதழ் உண்டா? வரிசையில் பல வாகனம் வந்தபோது இந்த வாகனம்தான் என்று எப்படித் தெரிந்தது? படம் இருந்தால் காட்டுங்கள். கருவி பொய் சொல்லாது என்பவர்கள் அமெரிக்காவின் மயாமியில் 1979இல் நடந்ததை அறிந்திருக்க வேண்டும். தொலைக்காட்சி நிலையமொன்று ராடார் கருவியைச் சோதித்தபோது ஒரு பனைமரம் மணிக்கு 86 மைல் வேகத்தில் "ஓடியது", ஒரு வீடு 28 மைலில் நகர்ந்தது. அதற்குப் பிறகு அங்கே ஒரு நீதிபதி ராடார் சாட்சியத்தை ஏற்க மறுத்தார். இன்றைய கருவிகள் படத்தோடு பதிவு செய்பவை, அவ்வளவு மோசமில்லை. படம் வந்தால் மருமகனைப் போன்றவர்களுக்கு மறுக்கவும் வாய்ப்புக் குறையும், அது நியாயம்தான். படத்தில் பஸ் இருந்தால் பஸ்காரன் கட்டட்டும்.

இரண்டாவது தவணையில் பொலிஸ் சாட்சி வேறு கடமையில் இருந்ததால் வழக்கு தள்ளிப்போனது. மூன்றாவது தவணைக்குச் சட்டத்தரணி ஒருவரை வைத்தோம், முதல் நாள் வாசலில் ஆலோசனை சொன்ன அதே பிள்ளைதான். சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டிருக்கலாமே என்று பிறகுதான் தோன்றியது. அன்று பொலிஸார் இரண்டாவது குற்றச்சாட்டை மீளப்பெற்றார்கள். முதலாவதுக்கு, அந்தச் சாட்சி வந்து நின்றதும், மருமகன் ஏற்றுக்கொண்டான். தமிழில் கேட்டார்கள், தமிழில் பதில் சொன்னான். தண்டப்பணத்தைக் கட்டினான். மூன்று நாள் ஹயர், சட்டத்தரணிக் கூலி, பஸ் காசு எல்லாம் சேர்த்தால் முதல் நாளே "ஒவ்" என்றிருந்தால் போயிருக்கக்கூடிய காசைவிட இரண்டு மடங்குக்கு மேல். லீசிங் கட்ட அந்த மாதம் அக்காவின் தோடு அடகுக் கடைக்குப் போனது. அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "நீதான் அவனுக்குச் சட்டம் சொல்லிக் கொடுத்தே" என்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை என்றால் நம்பமாட்டாள்.

ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். மார்கழிப் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கிவிடும். ஹற்றனிலிருந்து நல்லதண்ணி வரை பாதை முழுக்க வாகனமும் பொலிஸும். அவனுக்கு இப்போதே நான்கு ஹயர் பதிவாகியிருக்கிறது. வேனின் முன் கண்ணாடிக்குக் கீழே 24ஆம் உறுப்புரையின் மூன்றாவது பந்தியைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்து மடித்து வைத்திருக்கிறான். வேகமானியில் 50 என்ற எண்ணுக்கு மேல் சிவப்பு நாடாவும் ஒட்டியிருக்கிறான்.